கறுத்தக்கொழும்பான் கூழ் சாராயத்தில் திரிந்துபோகிறது: உதவி தேவை

கேள்வி

வணக்கம். எங்கள் முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரம் இம்முறை நன்றாகக் காய்த்திருப்பதால், வரும் சனிக்கிழமை பன்னிரண்டு விருந்தினருக்குத் தென்னஞ்சாராயத்தில் மாம்பழம் சேர்த்த கொக்டெயில் ஒன்றைப் பரிமாற விரும்புகிறேன். ஒத்திகையாக இரண்டு பழங்களின் சதையை பிளெண்டரில் அடித்து, ஒரு முழுப் போத்தல் சாராயத்துடன் கலந்து பிரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலையில் கூழ் திரிந்த பாலைப் போலத் துணுக்குத் துணுக்காகப் பிரிந்து அடியில் தங்கியிருந்தது. பொன்மஞ்சள் நிறமும் மங்கியிருந்தது. ஐஸ் போட்டுக் குடித்தபோது பழத்தின் இனிப்பு தெரியவில்லை, பிசின் போன்ற ஒரு கசப்பு மட்டும் நாக்கில் நின்றது. டின்னில் அடைத்த சாற்றை வாங்க எனக்கு மனமில்லை. எங்கே பிழை விட்டேன்?

மறுமொழி 1

பழத்தில் பிழையில்லை, கலந்த முறையில்தான் பிழை. மாம்பழச் சதையில் பெக்டின் நிறைய இருக்கிறது. அது நீரில் விரிந்து கூழுக்குத் தடிப்பைக் கொடுக்கும், ஆனால் மதுசாரத்தில் கரையாது. தொழிற்சாலைகளில் பழத்தோலிலிருந்து பெக்டினைப் பிரித்தெடுப்பதற்கே மதுசாரத்தைச் சேர்க்கிறார்கள். சிறிதளவு கூழை ஒரு போத்தல் சாராயத்தில் ஊற்றி இரவு முழுவதும் வைத்ததால் உங்கள் பிரிட்ஜிலும் அதுதான் நடந்திருக்கிறது. ஆகவே கூழையும் சாராயத்தையும் ஒருபோதும் முன்கூட்டியே சேர்த்து வைக்காதீர்கள். கூழில் தேசிக்காய்ப் புளியையும் சீனிப்பாகையும் முதலில் கலந்து வைத்தால் புளி நிறத்தையும் காக்கும்; சாராயத்தைப் பரிமாறும் நேரத்தில் ஷேக்கரில் சேர்த்தால் போதும்.

இனிப்பு மறைந்ததற்குக் குளிரே காரணம், ஏனெனில் குளிர்ந்த நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். அத்துடன், நன்கு பழுத்த மாம்பழத்தில் புளிப்பு மிகக் குறைவு என்பதால், புளி சேராத கொக்டெயில் தட்டையாகவே இருக்கும். ரம், தேசிக்காய், சீனி என்ற மூன்றாலும் நிற்கும் கியூபாவின் டைக்கிரியை அடித்தளமாக எடுத்துக்கொண்டு நான் செய்யும் அளவு இது: ஒரு கிளாஸுக்குச் சாராயம் 50 மில்லிலீற்றர், கூழ் 45 கிராம், தேசிக்காய்ப் புளி 20 மில்லிலீற்றர், சம அளவு சீனியும் நீரும் கொண்ட பாகு 10 மில்லிலீற்றர், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், மாம்பழத்தின் வாசனையை மேலே கொண்டுவருவது அதுதான்.

மறுமொழி 2

கசப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். மா மரமும் மரமுந்திரிகையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காம்பிலிருந்து வடியும் பாலில் வாயைப் பொத்துப்போகச் செய்யும் பொருள்கள் உண்டு. மரத்திலிருந்து பறித்தவுடன் பழத்தைக் காம்புப்பக்கம் கீழே இருக்கும்படி சில மணிநேரம் வைத்துப் பாலை வடியவிட்டு, கழுவிய பின்னரே பழுக்க வைக்க வேண்டும். அடிக்கும்போது தோலைத் தடிப்பாகச் சீவி, காம்பைச் சுற்றிய சதையை ஒதுக்கிவிடுங்கள். கொட்டையைக் கத்தியால் சுரண்டி அந்தச் சதையையும் சேர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. வீணாக்க மனம் வராது என்பது எனக்கும் தெரியும், ஆனால் நார் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கொட்டையைப் பிள்ளைகளிடம் சூப்பக் கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு பழம் வேண்டும், கூழை எத்தனை மணிநேரத்துக்கு முன்னர் அடிக்கலாம்?

மறுமொழி 1

ஆளுக்கு ஒன்று என்றால் 540 கிராம் கூழ் வேண்டும். தோலும் கொட்டையும் போக ஒரு கிலோ பழத்தில் ஏறத்தாழ 600 கிராம் சதை கிடைக்கும், ஆகவே ஒரு கிலோ போதும். இரண்டாவது சுற்றுக்கு இரண்டு கிலோவாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அடித்து, சிறு கண்ணுள்ள வடியில் வடித்து, புளி சேர்த்து, மூடி வைத்தால் மாலைவரை நன்றாக இருக்கும். ஷேக்கரில் ஐஸுடன் பன்னிரண்டு விநாடிகளாவது பலமாகக் குலுக்கி, இரண்டு வடிகளின் ஊடாக ஊற்றுங்கள். கூழ் தடிப்பானது என்பதால் ஷேக்கரின் சொந்த வடி மட்டும் போதாது.

கேட்டவர்

இன்று மாலை ஒரு கிளாஸ் செய்து பார்த்தேன். துணுக்குகள் இல்லை, கசப்பும் இல்லை. பழம் கூடுதலாகப் பழுத்திருந்ததால் புளியை 25 மில்லிலீற்றராகக் கூட்டி, பாகைப் பாதியாகக் குறைத்தேன். கொழும்புக் காலிமுகத்திடலில் மாங்காய்க்குத் தூவித் தரும் உப்பும் மிளகாய்த்தூளும் நினைவுக்கு வந்ததால், கிளாஸின் விளிம்பில் பாதிச் சுற்றுக்கு மட்டும் அவற்றைத் தொட்டு வைத்தேன். என் மனைவி அந்தப் பக்கத்தை விட்டு வாயை எடுக்கவில்லை. சனிக்கிழமையும் அப்படியே செய்யப்போகிறேன்.