பயிற்சிகளை எண்ணினால் கடலின் நிலை தெரியுமா?

கேள்வி

வணக்கம். இராமநாதபுரம் கடற்கரையில் வெளிநாட்டு நிதியில் நடைபெறும் கடற்புல் பாதுகாப்புத் திட்டமொன்றில் பணிபுரிகிறேன். எத்தனை பயிற்சிகள் நடந்தன, எத்தனை மகளிர் குழுக்கள் கடன் பெற்றன என்பதை மட்டுமே அரையாண்டு அறிக்கைகளில் இதுவரை எழுதி வந்துள்ளோம். திட்டம் தொடங்கும் முன் கடலின் நிலையை அளந்து வைக்கும் தொடக்கநிலைக் கணக்கெடுப்பும் முறையாக நடக்கவில்லை. கடலில் என்ன மாறியது என்று இறுதி மதிப்பீட்டாளர் கேட்டால் எதைக் காட்டுவது? இன்னும் ஓராண்டே உள்ளது.

மறுமொழி 1

செய்த வேலையின் கணக்கு வேறு, அதனால் நேர்ந்த மாற்றம் வேறு. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் இறுதி மதிப்பீடுகளில் விளைவுகள் ஆறு நிலைகளில் தரப்படுத்தப்படுகின்றன. நிதி நின்ற பிறகும் பயன் நிலைக்குமா என்பது தனியாக மதிப்பிடப்படுகிறது. தொடக்கநிலைத் தரவை ஓரளவு மீட்டெடுக்கலாம். பழைய செயற்கைக்கோள் படங்களையும் மீன் இறங்குதளப் பதிவேடுகளையும் திரட்டி, மூத்த மீனவர்களைத் தனித்தனியே கேட்டு ஒப்பிடுங்கள். ஆனால் அது பின்னாளில் மீட்டெடுத்த தரவு என்பதை அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

மறுமொழி 2

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மன்னார் வளைகுடாவில் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் துணைநிற்க, 2002இல் ஒரு பெரிய பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறை வெட்டுவது 2005 வாக்கில் நின்றது. உயிருள்ள பவளப் பரப்பும் கூடியது. பின்னர் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறி இறந்ததில், 2016இல் அந்தப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குச் சரிந்தது. அந்த ஒரே எண்ணை வைத்து மதிப்பிட்டால், வெப்பத்தால் நேர்ந்த இழப்பு பாதுகாப்புப் பணியின் தோல்வியாகத் தோன்றிவிடும். முன்னர் கண்ட ஏற்றம் முழுவதையும் திட்டத்தின் சாதனையாக எழுதுவதும் அதே பிழைதான், ஏனெனில் 2001இலேயே பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருந்தன. ஆகவே கடல் வெப்பநிலையையும் சேர்த்துப் பதியுங்கள். திட்டம் எட்டாத, ஒத்த தன்மையுள்ள ஓர் இடத்தையும் அளந்து ஒப்பிடுங்கள்.

மறுமொழி 3

கடற்பாசி எடுக்கும் பெண்களை விட்டுவிடாதீர்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று அவர்களே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு இங்கு உண்டு. அத்தகைய கட்டுப்பாட்டை எந்தெந்த ஊர்கள் இன்னும் கடைப்பிடிக்கின்றன என்பது, பயிற்சி வருகைப் பதிவேட்டைவிட எவ்வளவோ மேலான சான்று. நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில், மதிப்பீட்டாளரை நன்றாக நடந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் அழைத்துச் சென்றோம். அது இன்றும் என்னை உறுத்துகிறது. உங்கள் ஊர்ப் பட்டியலை முழுமையாகக் கொடுத்து, செல்ல வேண்டிய ஊர்களை அவரையே குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.