நடு எஞ்சின் கிட் காரில் இக்னிஷன் டைமிங்: எந்தக் குறியை நம்புவது?

கேள்வி: மேட்டுப்பாதை

வணக்கம். இங்கிலாந்தில் வசிக்கும் நான் பழைய ஜி.டி.எம். கூப்பே ஒன்றை வைத்திருக்கிறேன். 1967இல் காக்ஸ் ஜி.டி.எம். என்ற பெயரில் அறிமுகமான இந்த கிட் காரில் (பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் கார்), மினி காரின் முன்பக்க சப்ஃபிரேம் (எஞ்சினைத் தாங்கும் சட்டம்) எஞ்சினோடு சேர்ந்து இருக்கைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். என் காரில் இப்போது இருப்பது, எந்த வண்டியிலிருந்து வந்தது என்றே தெரியாத 1275 சிசி ஏ-சீரிஸ் (மினியில் வரும் வகை) எஞ்சின். டாப் கியரில் மேடேறும்போது நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் தட்டல் சத்தம்) கேட்கிறது. டைமிங்கை, அதாவது பிளக்கில் தீப்பொறி எழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளினால் இழுவை போய்விடுகிறது. டைமிங் பார்ப்பதற்கான ஃப்ளைவீல் குறியும் கிராங்க் புல்லியின் (கிராங்க் தண்டின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) குறியும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. எதை நம்புவது? கையேட்டில் உள்ள டிகிரியை அப்படியே வைத்துவிடலாமா?

பதில்: பழைய ஸ்பேனர்

எஞ்சினின் பூர்வீகம் தெரியாத நிலையில், இரண்டு குறிகளில் எதையும் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம். 1275 எஞ்சின்கள் சிலவற்றில் வரும் அதிர்வைக் குறைக்க ரப்பர் வைத்த டாம்பர் புல்லியில், ரப்பர் பிடிப்பு விட்டு வெளிவளையம் மெல்ல நகர்ந்துவிடும். குறியும் அதோடு நகர்ந்துவிடும். எனக்கு முதலில் சந்தேகம் புல்லியின் மீதுதான்.

நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, புல்லிப் பக்கம் இருக்கும் முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டன் மேலே வரும்போது தடுத்து நிறுத்தும் திருகு) ஒன்றைத் திருகுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடாமல், புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் முட்டி நிற்கும் இடத்தில் டைமிங் கவரின் முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு போடுங்கள். பிறகு எதிர்த்திசையில் சுற்றி, மறுபடியும் முட்டும் இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான டாப் டெட் சென்டர் (டி.டி.சி., பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை). அங்கே வெள்ளை பெயின்ட் வையுங்கள். புல்லியின் சுற்றளவை நூலால் அளந்து 12ஆல் வகுத்தால் 30 டிகிரிக்கான தூரம் கிடைக்கும். சுழலும் திசையைப் பார்த்து, முள்ளை டி.டி.சி. கோட்டுக்கு முன்பே கடக்கும் பக்கத்தில் அந்தத் தூரத்திலும் ஒரு கோடு போடுங்கள்.

கையேட்டின் டிகிரி, அந்த எஞ்சினோடு தொழிற்சாலையில் வந்த டிஸ்ட்ரிபியூட்டருக்கு (தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்தனுப்பும் கருவி) மட்டுமே பொருந்தும். வேகத்துக்கேற்ப டைமிங்கை மாற்ற அதன் உள்ளே இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் மாறியிருந்தால், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது) சரியாகத் தெரியும் டைமிங் 4000 ஆர்.பி.எம்.மில் எங்கோ போய் நிற்கும். ஆகவே ஐடிலை விட்டுவிட்டு உச்ச அட்வான்ஸை, அதாவது வேகம் கூடும்போது தீப்பொறி டி.டி.சி.க்கு அதிகபட்சம் எத்தனை டிகிரி முன்னதாக வருகிறது என்பதைப் பாருங்கள்.

மேட்டுப்பாதை:

மிக்க நன்றி. புல்லியைப் பார்க்க இடது பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். டிஸ்ட்ரிபியூட்டரோ கேபினுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள தடுப்பை ஒட்டி நிற்பதால் கை நுழையவில்லை. இதற்கு வழி உண்டா?

பதில்: கார்புரேட்டர் வாசகர்

சப்ஃபிரேம் திசை மாறாமல் பின்னால் போனதால், மினியில் கிரில்லைப் பார்த்து நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இங்கே உங்கள் முதுகைப் பார்த்து நிற்கிறது. தடுப்பில் திருகு வைத்த கதவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒன்று வெட்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அதை உலோகத் தகட்டாலும் தீ தாங்கும் சீலாலும் இறுக்கமாக மூட வேண்டும், ஏனென்றால் பெட்ரோல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

முதலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் (திறந்து மூடும் மின்தொடர்பு) இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்துவிடுங்கள். டைமிங் வைத்த பிறகு அதைத் தொட்டால் டைமிங்கும் மாறிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, டைமிங் லைட்டின் (தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் விளக்கு) கிளிப்பை முதல் சிலிண்டர் வயரில் மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றுவதால், அதன் உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும். எஞ்சினின் வேகத்தைக் கூட்டி, உச்ச அட்வான்ஸிலும் 30 டிகிரி கோடு முள்ளைத் தாண்டி மேலே போகாத இடத்தில் நிறுத்துங்கள். 28இல் தொடங்குவது இன்னும் பத்திரம். டைமிங் லைட்டின் வெளிச்சத்தில் புல்லியும் பெல்ட்டும் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும் என்பதால், கையும் சட்டைக் கையும் அருகே போகக் கூடாது. வண்டி கட்டாயம் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கை மட்டும் நம்பக் கூடாது.

பழைய ஸ்பேனர்:

ஒரு சேர்க்கை. எஞ்சின் காதுக்குப் பின்னாலேயே இரைவதால் லேசான நாக்கிங் உள்ளே கேட்காமல் போகலாம். பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. 97 ஆக்டேன் சூப்பரை ஊற்றி அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நாக்கிங் வந்தால் 2 டிகிரி குறையுங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் டைமிங்கை விட்டுவிட்டுக் கார்புரேட்டர் கலவையும் கம்ப்ரஷனும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள்.