தாமிரத் தாலோசயனின் படலம்: எல்இடியை அணைத்தும் மின்னோட்டம் இறங்க மறுக்கிறது

கேள்வி (படலம்65):
சாதாரணக் கண்ணாடியில் சீப்பு வடிவத் தங்க மின்முனைகள், இடைவெளி 50 மைக்ரோமீட்டர். மேலே வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த 100 நானோமீட்டர் தாமிரத் தாலோசயனின் (குறைக்கடத்தியாக வேலை செய்யும் நீலக் கரிமச் சாயம்). 10 வோல்ட்டில் இருட்டில் 2 நானோஆம்பியர், 625 நானோமீட்டர் எல்இடி ஒளியில் 5. அணைத்த பின் இறங்கப் பல நிமிடம் ஆகிறது. மாலையில் ஏர்கான் நின்றதும் இருள் மின்னோட்டம் இரட்டிப்பாகிறது. படலம் கெட்டுவிட்டதா?

ஜூரோங்வாசி:
முதலில் கண்ணாடியைச் சந்தேகியுங்கள். படலம் போடாமல் மின்முனை மட்டும் உள்ள துண்டை அதே 10 வோல்ட்டில், அதே மாலையில் அளங்கள். நம்மூர் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் கண்ணாடிமேல் நீர்ப்படலம் ஒட்டும், சோடியம் அயனிகள் அதில் நகரும். கேமரா வைக்கும் டிரை கேபினெட் (ஈரம் குறைக்கும் அலமாரி) வழக்கமாக 40 சதவீத ஈரப்பதத்தில்தான் வைத்திருப்பார்கள், அது போதாது. மூடிய உலோகப் பெட்டிக்குள் உலர் நைட்ரஜனை அரை மணி நேரம் ஓடவிட்டு அளங்கள். பெட்டி சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் கிடைக்கும். வெறுங்கையால் துண்டைத் தொடாதீர்கள்.

துளை_எலக்ட்ரான்:
ஈரம் பாதிக் கதைதான், மீதி ஆக்சிஜன். அது படலத்துக்குள் புகுந்து எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும், துளைகள் (எலக்ட்ரான் போன இடங்கள், நேர்மின்னூட்டம் போல நகரும்) மிஞ்சும், இருள் மின்னோட்டம் ஏறும். ஒளியில் பிறந்த எலக்ட்ரானும் பொறியில் சிக்கினால் துளை வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அணைத்த பின் மெதுவாக இறங்கும் உங்கள் நீண்ட வால் பெரும்பாலும் இதுதான். வெற்றிடத்தில் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கி, இருட்டில் ஆறவிட்டு, காற்றுப் படாமலே அளங்கள். 250 டிகிரிப் பக்கம் போனால் ஆல்பா படிக அமைப்பு பீட்டாவாக மாறும், அப்புறம் அது வேறு படலம்.

ஒளியில் மின்னோட்டம் ஏறுவது எல்இடியின் வெப்பத்தாலா என்று யாராவது கேட்பார்கள். கிளர்வு ஆற்றல் (மின்னோட்டம் வெப்பத்தோடு எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத் தீர்மானிப்பது) 0.3 எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்தால் அறை வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு 4 சதவீதம்தான் ஏறும். 2 நானோஆம்பியர் 5 ஆக வேண்டுமானால் 25 டிகிரி சூடேற வேண்டும். சிறிய எல்இடிக்கு அது நடக்காது.

லாக்இன்:
ஒளியை வெட்டி (சீராக அணைத்து ஏற்றி, அதே தாளத்தில் மாறும் மின்னோட்டத்தை மட்டும்) அளப்பதானால் 13 ஹெர்ட்ஸ் வையுங்கள். 25, 50 வேண்டாம், 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் கலக்கும். மெதுவான பகுதி இதில் தெரியாது, எண் 3 நானோஆம்பியருக்குக் குறைவாக வரும். மின்னோட்டப் பெருக்கியின் வேகத்தையும் பாருங்கள், உயர் பெருக்கத்தில் 13 ஹெர்ட்ஸையே அது விழுங்கலாம்.

படலம்65:
வெறும் துண்டிலேயே மாலையில் 1.1 நானோஆம்பியர்! கழித்துவிடலாமா?

ஜூரோங்வாசி:
கூடாது. படலம் மூடிய கண்ணாடியில் நீர் வேறு அளவில் ஒட்டும், அதனால் அந்த 1.1 அங்கே பொருந்தாது. குவார்ட்ஸுக்கு மாறுங்கள், மின்முனையைச் சுற்றி ஒரு காப்பு வளையம் (மேற்பரப்புக் கசிவை அளவீட்டிலிருந்து விலக்கும் உலோக வளையம்) போடுங்கள்.