மஞ்சளாகப் பூத்திருக்கும் இரண்டு மரங்களில் எது சரக்கொன்றை?

வாய்க்கால்தெரு:
மாயவரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பாசன வாய்க்கால். இப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. அதுவரை கரை நடப்பதற்குத்தான். காலையில் பையனோடு போனால் மரத்துக்கு மரம் பூ. இரண்டு மஞ்சள் மரங்களில்தான் எங்களுக்குள் சண்டை. ஒன்றில் சரம்சரமாகத் தொங்குகிறது, இன்னொன்றில் கொத்துக்கொத்தாக உச்சியில் நிமிர்ந்து நிற்கிறது. பையன் இரண்டும் கொன்றை என்கிறான். அப்புறம், பாதை முழுக்கப் பொரி இறைத்த மாதிரி வெளிர் ரோஸ் பூ. அது என்ன மரம்?

மருதத்தடி:
தொங்குவது சரக்கொன்றை. சிவன் சூடும் கொன்றை அதுதான். நிமிர்ந்து நிற்பது பெருங்கொன்றை, இயல்வாகை என்றும் சொல்வார்கள். ஆக, பையன் பாதி ஜெயித்துவிட்டான் அம்மா. பூ கொட்டிப்போனாலும் காய் காட்டிக்கொடுக்கும்: சரக்கொன்றையில் முழ நீளத்துக்குக் கறுத்த உருண்டைக் காய், மற்றதில் செம்பு நிறத்தில் தட்டைக் காய்.

ரோஸ் பூ புங்கை. இலை கொட்டித் தளிர்விட்ட கையோடு பூத்துவிடும். வாசல் பெருக்குகிறவர்கள் திட்டுவார்கள்.

ஆனால் மஞ்சளிலேயே நின்றுவிடாதீர்கள். கரையில் அடிமரம் வெளுத்து வழுவழுவென்று ஒரு பெரிய மரம் இருக்கிறதா பாருங்கள். மருதம். அதுவும் இப்போதுதான் பூக்கும். வெளிறிய சின்னக் கதிர், பூ என்றே தோன்றாது; தேனீ இரைச்சல் கேட்டு அண்ணாந்து பார்த்தால்தான் உண்டு. திருவிடைமருதூர்க் கோயிலில் தலமரமே இதுதான். மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரைப் போட்டோ எடுக்க வண்டியை நிறுத்துகிறார்கள். அழகுதான், குறை சொல்லவில்லை. ஆற்றங்கரையிலேயே பிறந்த மருதத்துக்கு ஒருவரும் நிறுத்துவதில்லை.

கும்பகோணத்து மாமி:
வேப்பமரம் இருந்தால் அடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டு நடக்கப் போங்கள். திரும்பி வரும்போது பூ சேர்ந்திருக்கும். நிழலில் காயவைத்து நெய்யில் வறுத்து ரசத்தில் போடுங்கள். கறுக விட்டால் கசப்பு மட்டும்தான் மிஞ்சும்.

வாய்க்கால்தெரு:
நன்றி ஐயா, நன்றி மாமி. பையன் பாதி வெற்றியை முழுசாகவே எடுத்துக்கொண்டான்! இன்னொன்று: மதகுப் பக்கம் ஒரு மரத்தில் காலையில் பூ மஞ்சள், சாயங்காலம் போனால் சிவப்பு. இரண்டு விதப் பூவா?

மருதத்தடி:
ஒரே பூதான், பூவரசு. வாட வாடச் சிவக்கும். காலையில் போகும்போது உள்ளே எட்டிப் பாருங்கள், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு இருக்கும். இலையைச் சுருட்டிப் பையனுக்குப் பீப்பி செய்து கொடுங்கள், தெருவே எழுந்துவிடும்.