ஒகேனக்கலுக்குள் கார் விட வேண்டுமா?

பென்னாகரத்தான்:
நியூயார்க் மகள் வீட்டுக்குப் போனபோது ஃபயர் ஐலண்ட் பார்த்தேன். லாங் ஐலண்டுக்குத் தெற்கே, பெருங்கடலின் அலையைத் தான் வாங்கிக்கொண்டு கரையைக் காக்கும் மணல் தீவு. நீளம் சுமார் 50 கிலோமீட்டர். பல இடங்களில் அரை கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. காரை எதிர்க்கரை ஊரான பே ஷோரில் விட்டுவிட்டு அரை மணி நேரம் படகில் போக வேண்டும். அனுமதி பெற்ற சில வண்டிகள் தவிர ஊர்களுக்குள் காரே கிடையாது. அரிசி, பால், குழந்தை எல்லாம் சிவப்புத் தள்ளுவண்டியில், பலகைப் பாதையில் போகிறது. ஒகேனக்கல் காரையும் பென்னாகரத்திலேயே நிறுத்திப் பேருந்து விட்டால் என்ன?

சேலத்து வாசகி:
அண்ணே, அது தீவு, வேறு வழியில்லை. இங்கே சாலை இருக்கிறதே! முட்டி வலியோடு வரும் மாமியாரையும் சமையல் பாத்திரத்தையும் வைத்துக்கொண்டு நான் பேருந்து மாற வேண்டுமா?

பென்னாகரத்தான்:
வழி இல்லாமல் இல்லைம்மா. மேற்கு முனைக்கும் பாலம் உண்டு, கிழக்குப் பக்கமும் உண்டு. நடுவில்தான் சாலை இல்லை. 1962 புயலுக்குப் பிறகு, நியூயார்க்கில் சாலைகளும் பூங்காக்களும் போட்ட அதிகாரி ராபர்ட் மோசஸ், தீவு நெடுக சாலை போடப் பார்த்தார். மக்கள் விடவில்லை. 1964-ல் அதை அரசு பாதுகாக்கும் தேசியக் கடற்கரை ஆக்கினார்கள், சாலைத் திட்டம் செத்தது. அதனால்தான் மணல்மேட்டுக்குப் பின்னால், உப்புக்காற்று உச்சியை ஒரே மட்டமாக வெட்டிவிட்ட பழைய ஹாலி மரக்காடு இன்னும் நிற்கிறது. நம் மலைப்பாதையும் யானை கடக்கும் காடு. ஆடிப்பெருக்கு அன்று அங்கே நிற்கும் கார் வரிசையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. முடியாதவர்களுக்கு மட்டும் வண்டி அனுமதி கொடுக்கலாம்.

சேலத்து வாசகி:
அனுமதி யார் கையில்? தெரிந்தவர் கார் உள்ளே போகும், என் மாமியார் வெயிலில் நிற்பார். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஊட்டமலைப் பையன்:
அக்கா கேட்பது சரி. என் அம்மா ஒகேனக்கலுக்கு வருபவர்களுக்கு மீன் கழுவி, மசாலா தடவிப் பொரித்துக் கொடுப்பவர். கார் வருவது நின்றால் கூட்டம் குறையும் என்று பயப்படுகிறார். எனக்கு அந்தப் பயம் இல்லை, பேருந்து அடிக்கடி வந்தால் ஆள் வரும். ஆனால் அந்தத் தீவில் நேரத்துக்குப் படகு இருப்பதால்தான் காரை விட்டு வருகிறார்கள். இங்கே இருட்டிய பிறகு எத்தனை பேருந்து? அண்ணே, முதலில் அதைக் கேட்டு மனு எழுதுங்கள், நானும் அம்மாவும் கையெழுத்துப் போடுகிறோம்.