லேத்தில் 2 எம்எம் ஓட்டை சென்டர் விலகுது, பிட் உடையுது – அவசரம்

கடலூர்_டர்னர்: லேத்தில் (கடைசல் மெஷின்) 2 எம்எம் ஓட்டை போடுறேன். உள்ளே போகப் போக ஒரு பக்கமா இழுக்குது, டிரில் பிட்டும் உடையுது. நாளைக்கு ஜாப் கொடுக்கணும். சீக்கிரம் சொல்லுங்க.

சேதராப்பட்டு_ஷாப்: என்ன மெட்டீரியல்? ஆழம், ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து), டாலரன்ஸ் (அளவு எவ்வளவு மாறலாம்)?

மைக்ரான்: இதெல்லாம் இல்லாம கேள்வி போடாதீங்க தம்பி, இது அடிப்படை. முதல்ல டெயில்ஸ்டாக்கைப் பாருங்க, அதான் பிட்டைப் பிடிச்சிருக்கிற பகுதி. அதோட டேப்பரை (பிட் சொருகுற கூம்புத் துளை) துணியால் துடைங்க, கடல் காத்துல துரு படிஞ்சிருக்கும். டயல் கேஜை (நுண்ணிய விலகல் காட்டுற கருவி) ஜாப் பிடிக்கிற சக்கில் பிடிச்சு, முனையை டேப்பர் உள்சுவரில் வெச்சு சக் மாட்டியிருக்கிற ஸ்பிண்டிலைக் கையால் சுத்துங்க. ஸ்லீவையும் அடிப்பக்கத்தையும் லாக் பண்ணிட்டுதான் ரீடிங் எடுக்கணும். முன்பக்கம், பின்பக்க ரீடிங் வித்தியாசத்தில் பாதிதான் விலகல்.

கடலூர்_டர்னர்: எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). ஆழம் 15 எம்எம். டாலரன்ஸ் எச்7. ஆர்பிஎம் 450. சாதா எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்.

வில்லியனூர்_டூல்ஸ்: முதல்ல குழி போடுற சென்டர் டிரில்தான் காரணம். 60 டிகிரி குழியில் பிட்டோட ஓரம் முதல்ல உரசும், முனை அந்தரத்துல நிக்கும். பிட் கோணத்தைவிடக் கொஞ்சம் அகலமான ஸ்பாட்டிங் டிரில் போடுங்க. முதல் 5 எம்எம்முக்குக் குட்டை பிட், அப்புறம் நீளமானது.

சேதராப்பட்டு_ஷாப்: 450ல நிமிஷத்துக்கு 2.8 மீட்டர்தான் வருது. எச்எஸ்எஸ் 10 மீட்டர் தாங்கும், 1600 வைங்க. ஸ்பீடு கம்மியா இருக்கும்போது கை வேகமா தள்ளினா ஒரு சுத்துக்கு வெட்டு அதிகமாகி பிட் முறியும்.

பழைய_பெட்: 304ல 1600ஆ? முனை கருகிடும். மெதுவா ஓட்டுறதுதான் சரி.

சேதராப்பட்டு_ஷாப்: உரசினாதான் கருகும். வெட்டாம நின்னு தேய்ச்சா 304 அந்த இடத்துலயே இறுகிப்போகும். சுத்துக்கு 0.03 எம்எம், 1 எம்எம் இறங்கினதும் முழுசா வெளியே எடுத்து, சிப் தட்டி, கட்டிங் ஆயில் விட்டு மறுபடி உள்ளே. அடியில் நிறுத்தவே கூடாது.

பழைய_பெட்: பழைய லேத்தில் 1600 கியரே இருக்காது.

சேதராப்பட்டு_ஷாப்: இருக்கிற உச்ச ஸ்பீடு வைக்கட்டும், கை மட்டும் நிதானமா போகட்டும்.

மைக்ரான்: ஸ்பீடு சண்டை அப்புறம். எச்7ன்னா 2.000லிருந்து 2.010 வரைக்கும்தான். பிட்டோட ரெண்டு உதடும் (வெட்டுற விளிம்பு) சமமா இல்லாட்டி ஓட்டை பெருசாகும், அதனால 2 எம்எம் பிட்டாலேயே முடிக்க முடியாது. 1.9 பிட் போட்டு, ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவுற ரீமர் ஓட்டுங்க, ரீமருக்கு 450 போதும். ரீமர் அளவைத்தான் சரி பண்ணும். கோணின ஓட்டை கோணலாவேதான் இருக்கும்.

கடலூர்_டர்னர்: டெயில்ஸ்டாக் 0.08 விலகி இருந்துச்சு, சரி பண்ணியாச்சு. 1.9 போட்டு ரீமர் ஓட்டினேன். ஓட்டை அளவு பாக்குற பிளக் கேஜில் கோ (சின்ன முனை) போகுது, நோ-கோ (பெரிய முனை) போகாம நிக்குது. நன்றிண்ணே.

பழைய_பெட்: 1.9க்கு ஆர்பிஎம் எவ்வளவு வெச்சீங்க?