எண் மதிப்பை நிறமாக்க இரண்டு நிறமும் ஒரு சூத்திரமும் போதாதா?

சூத்திரதாரி:
வெப்பநிலை வரைபடத்துக்கு ஒரு ஃபங்ஷன் எழுதினேன். மதிப்பில் மினிமத்தைக் கழித்து, வீச்சால் (உச்சத்துக்கும் மினிமத்துக்கும் உள்ள இடைவெளி) வகுத்தால் 0 முதல் 1 வரை ஓர் எண். அதை வைத்துப் பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே கணக்குப் போட்டால் ஹெக்ஸ் கோடு (#FF0000 மாதிரி, நிறத்தைக் குறிக்கும் எழுத்து) ரெடி. பத்தே வரி. இதற்குப் போய் ஏன் லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ரெடிமேட் புரோகிராம்) தேடுகிறார்கள்?

நிறமாலை:
0.5 போட்டுப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 255-இல் பாதி சுமார் 128, பதினாறடிமான எண்முறையில் (ஹெக்ஸ்) அது 80, ஆக #808000. சேற்று நிறம்! பிரகாசமும் பச்சையிலிருந்து சரிந்து, முக்கால் தூரத்தில் அடிமட்டம் தொட்டு, சிவப்பு நெருங்கும்போது மறுபடி ஏறுகிறது. எண் ஒரே சீராக ஏற, கண்ணுக்குத் தெரிவது பள்ளம். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கு நிற வித்தியாசமும் சரியாகத் தெரியாது.

சூத்திரதாரி:
அப்போ வெள்ளை டு கருநீலம். முடிந்தது கதை.

நிறமாலை:
அது ஓடும், மறுக்கவில்லை. ஆனால் நுணுக்கமான வித்தியாசம் தெரியாது. பைத்தானில் வரைபடம் போடும் லைப்ரரியான மேட்பிளாட்லிப் 2017-இல் 2.0 பதிப்பில் ஜெட் என்ற வானவில் நிறவரிசைக்குப் பதில் விரிடிஸ் என்ற நிறவரிசையை டீஃபால்ட் ஆக்கியது சும்மாவா? அதில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குச் சம தூரம். அதன் 256 ஹெக்ஸ் கோடுகளை ஒரு அரேயில் (வரிசைப் பட்டியல்) போட்டு இன்டெக்ஸால் (வரிசை எண்) எடுங்கள், லைப்ரரியே வேண்டாம்.

கடைசிபெஞ்ச்:
கலர் சண்டை இருக்கட்டும், உங்க புரோகிராம்ல பக் இருக்கு பாஸ். சிவப்பு 9, பச்சை 0, நீலம் 0, அதாவது (9, 0, 0)-ஐ ஹெக்ஸாக்கி அப்படியே ஒட்டினா #900. பிரவுசர் அதை #990000-ன்னு படிக்கும். கறுப்பா வர வேண்டியது ரத்தச் சிவப்பு. (128, 9, 0) இன்னும் மோசம்: #8090. நாலு இலக்கம்னா கடைசி இலக்கம் ஒளிபுகாமை, அது 0. அந்த இடமே மாயம், எரரும் வராது.

சூத்திரதாரி:
ஓரிலக்க எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் நிரப்பினால் போச்சு. அது சூத்திரத்தின் குற்றமில்லையே!

நிறமாலை:
சரி, ஒரு சென்சார் கெட்டுப்போய் 999 அனுப்பினால்? 0 முதல் 40 வரை உள்ள அத்தனையும் முதல் 4 சதவீதத்துக்குள் நசுங்கும். ஊரே ஒரே நிறம். உச்சவரம்பு வைத்து வெட்டுங்கள்.

சூத்திரதாரி:
வெட்டினால் நிஜமாகவே 43 தொட்ட இடமும் 40 மாதிரித்தானே தெரியும்? அது தரவைத் திரிப்பது.

கடைசிபெஞ்ச்:
லெஜண்ட்ல (எந்த நிறம் எதுன்னு சொல்ற பெட்டி) "40-க்கு மேல்"னு தனிக் கட்டம் வைங்க, தீர்ந்தது. 999 வெப்பநிலையே இல்ல, ரீடிங் இல்லைன்னு அர்த்தம். அதுக்கு #808080 சாம்பல்.